நினைவாற்றல், வயது, பால் வேற்றுமை: மூளையின் அளவும் சமூகத்தின் பங்கும்

நம் நாட்டில் முதியோரின் எண்ணிக்கை விரைந்து பெருகி வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். 2050ஆம் ஆண்டில் இத்தொகை 30 கோடியைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது. கொள்ளை நோய்களைக் கட்டுப்படுத்தியதும், உணவு உற்பத்தியைப் பெருக்கியதும், மருத்துவ வசதிகளைக் கிராமங்கள் வரை கொண்டு சென்றதுமே இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணங்களாகும். ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை முதியவர் ஒருவர் தெளிந்த நினைவுடன் கழிக்கிறாரா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை ஒட்டி ஒரு கருத்து படித்தவர்களிடையே கூட வழங்கி வருகிறது. முதுமையில் பெண்களுக்கு மறதி மிகுதி என்றும், பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிடச் சிறியதாக இருப்பதே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். இக்கூற்றின் முதற்பகுதிக்கு நம் நாட்டுப் புள்ளிவிவரங்களில் ஆதரவு உண்டு. இரண்டாம் பகுதி சோதனையில் நிற்பதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நம்பிவிட்டால், சமூகம் செய்த குறையை இயற்கையின் மேல் ஏற்றி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடுவோம். ஆகவே வயதுக்கும் பால் வேற்றுமைக்கும் மூளையின் நினைவுப் பகுதிக்கும் உள்ள தொடர்பை மாணவர்களும் அலுவலர்களும் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

நினைவின் வாயில்

நம் இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் பக்க மடல்களின் அடிப்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக வளைந்த இரு சிறு உறுப்புகள் உள்ளன. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அரான்ஸி 16ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டபோது, அதன் உருவம் கடற்குதிரையை ஒத்திருந்ததால் ஹிப்போகாம்பஸ் என்று பெயரிட்டார். வயது வந்தவரிடம் ஒவ்வொன்றின் பருமனும் சுமார் 3 முதல் 4 கன சென்டிமீட்டர் இருக்கும். ஒரு சிறு கரண்டியில் அடங்கிவிடக்கூடிய அளவே அது.

இதன் பணி நெடுங்காலம் புலப்படாமல் இருந்தது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கடும் வலிப்பு நோயால் அவதியுற்ற ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இருபுறமும் இப்பகுதியின் பெரும் பாகத்தை அகற்றினார். வலிப்பு குறைந்தது. அறிவுக் கூர்மையும் பேச்சும் கெடவில்லை. இளமையில் நடந்தவற்றை அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுச் சென்றவர் திரும்பி வந்தால் புதியவராகவே தோன்றினார். பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை நினைவாற்றல் ஆராய்ச்சியில் ஒரு புதிய காலத்தைத் தொடங்கிவைத்தது.

அந்த ஆராய்ச்சியிலிருந்து பெறப்பட்ட உண்மை இது. ஹிப்போகாம்பஸ் நினைவுகளையெல்லாம் நிரந்தரமாக வைத்திருக்கும் கிடங்கு அன்று. புதிதாக வரும் செய்தியைப் பதிவு செய்து, இடம், காலம், மனிதர் ஆகியவற்றோடு இணைத்து, மூளையின் பிற பகுதிகளில் நிலைபெறச் செய்யும் பதிவகம் அது. அறுபது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறிப் பம்பாய் வந்து இறங்கிய நாளை ஒரு மூதாட்டி நுணுக்கமாக விவரிப்பார். காலையில் மாத்திரை உட்கொண்டாரா என்பதை அவரால் உறுதியாகக் கூற இயலாது. பழைய ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன. புதிய பதிவுதான் தடுமாறுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

வயது செய்யும் மாற்றம்

1980களுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படமுறை பரவியதால், உயிருடன் இருப்பவரின் மூளைப் பகுதிகளை அளக்க வழி பிறந்தது. ஹிப்போகாம்பஸ் இளமையில் முழு வளர்ச்சி பெற்று, நடுவயதில் மெல்லத் தேயத் தொடங்குகிறது என்பது பல நாடுகளில் எடுக்கப்பட்ட அளவுகளால் தெளிவாயிற்று. நலமாக உள்ளவர்களிடம் நடுவயதில் இத்தேய்வு ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. 60 வயதுக்குப் பின் வேகம் கூடி, 70ஐ ஒட்டி ஆண்டுக்கு ஒரு சதவீதம் வரை செல்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் அது ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை காணப்படுகிறது.

இயல்பான முதுமையில் நரம்பணுக்கள் பெருந்தொகையில் மடிவதில்லை. அவற்றின் கிளைகள் சுருங்கி, ஒன்றையொன்று தொடும் இணைப்புகள் குறைகின்றன. அதனால் பெயர் சட்டென்று நாவில் வராமல் போகலாம். சாவியை வைத்த இடம் மறந்து போகலாம். சற்று யோசித்தால் நினைவு திரும்பும். டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் நிலை இதனின்று வேறு. அல்சைமர் வகையில் நரம்பணுக்களே அழிகின்றன. நன்கு பழகிய தெருவில் வழி தவறுதல், பணத்தை எண்ணத் தெரியாது போதல், சமைக்கும் முறையை மறத்தல் ஆகியன தோன்றுகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘வயதானால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடுவதால் நோயின் தொடக்க நிலை பல குடும்பங்களில் கவனிக்கப்படாமல் போகிறது.

தேய்வின் வேகத்தை வயது மட்டும் நிர்ணயிப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் மிகுந்த இரத்த ஓட்டத்தை வேண்டுவது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது இப்பகுதி முன்னதாகவே பாதிக்கப்படுகிறது. நீடித்த மனச்சோர்வும், செவித்திறன் குறைவும், தனிமையும் இதே திசையில் வேலை செய்கின்றன.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு

ஆண்களின் மூளை சராசரியாகப் பெண்களின் மூளையைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவில் பெரியது. ஹிப்போகாம்பஸும் அவ்வாறே. இந்த எண்களை அப்படியே வைத்துக் கொண்டு முடிவு கூறுவது, இரு நாடுகளின் மொத்த வருமானத்தை ஒப்பிட்டு எந்நாட்டு மக்கள் செழிப்பானவர்கள் என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பாகும். மக்கள் தொகையால் வகுத்து, தலைவீத வருமானத்தைக் கண்ட பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகும். அதுபோலவே மூளைப் பகுதியின் அளவை மண்டையோட்டின் உள்ளளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். உடல் பெரியதாக இருந்தால் தலையும் பெரியதாக இருக்கும். தலை பெரியதானால் அதனுள் உள்ள பகுதிகளும் பெரியனவாக இருக்கும்.

இந்தத் திருத்தத்தைச் செய்தால் என்ன தெரிகிறது? பல நாடுகளின் அளவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தலையளவைக் கணக்கில் கொண்ட பின் ஆண், பெண் ஹிப்போகாம்பஸ் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை என்று காட்டியது. அளவைக் கொண்டு நினைவாற்றலைத் தீர்மானித்தாலும் முடிவு மாறாது. கேட்ட சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் சோதனைகளில் சமமான கல்வி பெற்ற ஆண், பெண்களை ஒப்பிட்டால் பெண்களே சற்று முன்னிற்கின்றனர். இது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட முடிவாகும்.

இதனால் பால் வேற்றுமைக்கு இவ்விஷயத்தில் பங்கே இல்லை என்று கொள்ளலாகாது. பிரிட்டனில் சுமார் 19,800 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நடுவயதில் தொடங்கும் தேய்வின் வேகம் பெண்களிடம் சற்று கூடுதலாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். ஹிப்போகாம்பஸின் நரம்பிணைப்புகளைப் பேணுவதில் அச்சுரப்பு நீருக்குப் பங்குண்டு. ஆயினும் குறையும் நீரை மருந்தாகக் கொடுத்தால் போதும் என்ற எளிய தீர்வு பலிக்கவில்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து வழங்கிப் பார்த்ததில், மறதி நோய்க்கான வாய்ப்பு குறைவதற்கு மாறாக இரு மடங்காயிற்று என்பது 2003இல் வெளியாயிற்று.

எனவே உடலியல் வேறுபாடு உண்டு. அதன் அளவு சிறியது. நம் நாட்டில் காணப்படும் பெரிய இடைவெளியை விளக்க அது போதாது. அந்த இடைவெளி எவ்வளவு என்பதை இனிக் காண்போம்.

தேவனாரிலிருந்து ஒரு கணக்கெடுப்பு

மும்பையில் செம்பூரை அடுத்த தேவனாரில் சர்வதேச மக்கள் தொகை அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. 1956இல் மக்கள் தொகை இயல் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்டு, 1985 முதல் இப்போதைய பெயரால் வழங்குகிறது. குடும்ப நல ஆய்வுகளின் வாயிலாக நம் மாணவர்கள் இதன் பணியை அறிவர். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்புடன் இந்நிறுவனம் நடத்தும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. 2017–18இல் நடந்த முதற்சுற்றில் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,250 பேர் விசாரிக்கப்பட்டனர். வருமானம், உடல்நலம், குடும்பம் ஆகியவற்றோடு நினைவாற்றலும் சோதிக்கப்பட்டது. பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி உடனே ஒரு முறையும், சிறிது நேரம் கழித்து ஒரு முறையும் திருப்பிச் சொல்லும்படி கேட்பது அச்சோதனைகளுள் ஒன்றாகும்.

இதன் துணை ஆய்வாக, புதுடெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் முதலிய மருத்துவ நிறுவனங்களின் பங்கேற்புடன், 60 வயதைக் கடந்த 4,096 பேரிடம் மறதி நோய் பற்றிய விரிவான பரிசோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என்று மதிப்பிடப்பட்டது. ஆண்களிடம் இது 5.8 சதவீதம், பெண்களிடம் 9.0 சதவீதம். நகர்ப்புறங்களில் 5.3 சதவீதம்; கிராமப்புறங்களில் 8.4 சதவீதம். 2036ஆம் ஆண்டில் நோயாளிகளின் தொகை சுமார் 1.7 கோடியாகும் என்றும் கணிக்கப்பட்டது.

இவ்வெண்களில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெண்ணுக்கும் ஆணுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழக் கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளியின் அளவே ஆகும். கிராமத்தில் பிறந்தவரின் மூளை நகரத்தில் பிறந்தவரின் மூளையினின்று இயற்கையில் வேறுபட்டது என்று எவரும் கூறார். அங்கே பள்ளி, மருத்துவம், வருமானம் என்று காரணம் தேடுகிறோம். பெண்களின் விஷயத்திலும் அதே தேடலை நிகழ்த்துவதுதான் முறை.

அத்தேடலுக்கு ஒரு நல்ல சான்று இந்த நெடுங்கால ஆய்வின் முன்னோட்டச் சுற்றிலேயே கிடைத்தது. 2010இல் பஞ்சாப், ராஜஸ்தான், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களில் அது நடந்தது. அதன் விவரங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, முதிய பெண்கள் ஆண்களைவிட அறிவாற்றல் சோதனைகளில் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. கல்வி, உடல்நலம், சமூகப் பொருளாதாரப் பங்கேற்பு ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டபோது இடைவெளியின் பெரும்பகுதி விளங்கிற்று. எஞ்சிய குறைபாடு வடமாநிலங்களில் காணப்பட்டது, தென்மாநிலங்களில் அவ்வாறில்லை. பால் வேற்றுமையின் உடலியல் பஞ்சாபிலும் கேரளத்திலும் ஒன்றே. மாறுவது பெண்ணுக்குச் சமூகம் அளித்த இடமாகும்.

ஐரோப்பாவிலும் இதே பாடம் கிடைத்தது. 13 நாடுகளில் 50 வயதைக் கடந்த சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாழ்க்கை வசதியும் கல்வியும் உயர உயர இரு பாலாரின் நினைவாற்றலும் உயர்ந்தது. பெண்கள் அடைந்த உயர்வு ஆண்கள் அடைந்ததைவிட மிகுதி.

ஒரே நகரம், வெவ்வேறு தலைமுறைகள்

இன்று 75 அல்லது 80 வயதில் இருப்பவர்கள் பள்ளி செல்லும் பருவத்தில் நாட்டின் நிலை என்ன? 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் 27 சதவீதம். பெண்கள் 9 சதவீதம். 1961இல் ஆண்கள் 40 சதவீதம். பெண்கள் 15 சதவீதம். இன்றைய முதிய பெண்களின் நினைவாற்றலை அளக்கும்போது, அந்த ஆண்டுகளில் மறுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே அளக்கிறோம்.

மும்பைத் தமிழர் வாழும் பகுதிகளை நோக்கினால் இது கண்கூடாகும். மாட்டுங்காவில் குடியேறியவர்கள் பெரும்பாலும் அலுவலகப் பணியை நாடி வந்த படித்த குடும்பத்தினர். அவர்களிடையே 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிப் பள்ளி நடத்திற்று. அங்கு வளர்ந்த பெண்களுள் பலர் பள்ளிப் படிப்பை முடித்துத் தட்டச்சு, சுருக்கெழுத்து கற்று வேலைக்கும் சென்றனர். சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராவிக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலிலும் பிற உழைப்பிலும் ஈடுபட்டனர். அக்குடும்பங்களின் பெண்கள் சிறு வயதிலேயே வீட்டு வேலையையும் கூலி வேலையையும் ஏற்றனர். செம்பூரிலோ இரு வகைக் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. மொழியும் ஊரும் ஒன்றாயினும், முதுமைக்கு அவர்கள் கொண்டு வந்த கல்வி முதலீடு ஒன்றன்று.

கல்வி எவ்வாறு நினைவைக் காக்கிறது? பொருளாதார மாணவருக்குச் சேமிப்பு என்னும் சொல் விளக்கமாக அமையும். இளமையில் பெற்ற கல்வியும் பிற்காலத்தில் செய்த சிந்தனை மிகுந்த வேலையும் மூளையில் மாற்று வழிகளையும் கூடுதல் இணைப்புகளையும் உண்டாக்குகின்றன. இதனை அறிஞர் அறிவுச் சேமிப்பு என்பர். ஒரே அளவு தேய்ந்த ஹிப்போகாம்பஸ் உடைய இருவருள் சேமிப்பு மிகுந்தவர் அன்றாட வாழ்வை இடையூறின்றி நடத்துவார்; மற்றவர் தடுமாறுவார். வறட்சி இரு வீடுகளுக்கும் பொதுவானாலும் குதிரில் நெல் உள்ள வீடு சமாளிப்பதைப் போன்றது இது.

சேமிப்பு பள்ளியில் மட்டும் சேர்வதில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், ஆயிரக்கணக்கான தெருக்களை நினைவில் கொண்ட அவர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரியதாக இருந்தது; பணி ஆண்டுகள் கூடக்கூட அது பெரிதாகக் காணப்பட்டது. நம் நாட்டிலும் ஒரு சான்றுண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இரு மொழி பேசுவோருக்கு மறதி நோய் ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிடச் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியது. எழுத்தறியாதவர்களிடமும் இப்பயன் காணப்பட்டது குறிப்பிடத்தக்கது. வீட்டில் தமிழும், கடையில் இந்தியும், பக்கத்து வீட்டில் மராத்தியும் பேசும் தாராவி மூதாட்டி பள்ளி செல்லாவிடினும் வெறுங்கையுடன் முதுமைக்கு வரவில்லை என்று இதனால் கருத இடமுண்டு.

புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

இத்துறை எண்களைக் கையாளும் மாணவரும் அலுவலரும் சில எச்சரிக்கைகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, தலைமுறை வேறுபாடு. 30 வயதினரையும் 70 வயதினரையும் ஒரே நாளில் சோதித்து, வித்தியாசம் முழுவதும் வயதால் வந்தது என்று கூறுவது பிழை. 70 வயதினர் வேறொரு காலத்தின் உணவிலும் கல்வியிலும் வளர்ந்தவர்கள். ஒருவரையே பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் நெடுங்கால ஆய்வுகளுக்கு இதனாலேயே மதிப்பு உயர்வு. தேவனார் நிறுவனத்தின் ஆய்வோடு, கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் கிராம மக்களிடையே நடத்தி வரும் நெடுங்கால ஆய்வும் இவ்வகையைச் சார்ந்தது.

இரண்டாவது, எஞ்சி வாழ்வோரின் தேர்வு. ஆண்களுள் இதய நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் முன்னதாகவே மறைந்துவிடுகின்றனர். 80 வயதைத் தொடும் ஆண்கள் பெரிதும் நல்ல உடல்நலம் வாய்ந்தவர்கள். பெண்கள் பலவீனங்களுடனும் நீண்டகாலம் வாழ்கின்றனர். நோயாளிகளுள் பெண்கள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, அளவுகோலின் தகுதி. மேல்நாட்டில் உருவான வழக்கமான சோதனை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. அச்சிட்ட கட்டளையைப் படித்து அதன்படி செய்யச் சொல்கிறது. கையெழுத்தே போடத் தெரியாத ஒருவர் நல்ல நினைவுடையவராயினும் இதில் மதிப்பெண் இழப்பார். ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களில் 1990களில் நடந்த ஆய்வுக்காக இந்திச் சோதனை ஒன்று தயாரிக்கப்பட்டது. எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் கூறும்படியும், படிப்பதற்குப் பதிலாகச் சோதிப்பவர் கண்ணை மூடுவதைப் பார்த்து அதுபோலச் செய்யும்படியும் அதில் கேட்கப்பட்டது. எழுத்தறியாத பெண்ணுக்கு இந்த மாற்றம் நோயாளி என்ற முத்திரையிலிருந்து பாதுகாப்பளிக்கிறது.

மூளைப் படங்களுக்கும் இது பொருந்தும். ஹைதராபாத் சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2019இல் இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். 21 முதல் 30 வயது வரையுள்ள ஆண்களும் பெண்களுமாக 100 பேரின் படங்களைக் கொண்டு அது அமைக்கப்பட்டது. இந்தியரின் மூளை மேல்நாட்டு மாதிரியைவிடச் சராசரியில் சிறியது என்று அது காட்டிற்று. மேல்நாட்டு அளவைத் திருத்தமின்றிப் பயன்படுத்தினால் நலமாக உள்ள இந்தியர், குறிப்பாகச் சிறிய உடல்வாகு கொண்ட பெண், தேய்ந்த மூளையுடையவர் என்று தவறாகக் கணிக்கப்படலாம். முதிய இந்திய ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியே வயதுவாரி அளவுகளை உருவாக்குவது மிகவும் தேவை.

நான்காவது, ஆய்வுகளின் முறை வேறுபாடு. மும்பையில் 40 வயதைக் கடந்த 24,488 பேரிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், 65 வயதைக் கடந்தவர்களில் 2.44 சதவீதத்தினரிடம் மறதி நோய் காணப்பட்டது. இதனை 2023இன் 7.4 சதவீதத்தோடு வைத்து, இருபது ஆண்டுகளில் நோய் மும்மடங்காயிற்று என்று முடிவு கட்டலாகாது. ஒன்று ஒரு நகரத்தைப் பற்றியது. மற்றது நாடு முழுவதையும் பற்றியது. நோயை வரையறுத்த முறையும் வேறு.

செய்யக்கூடியவை

மறதி நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் தடுப்புக்கு இடமுண்டு. லான்செட் இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சுட்டியது. குறைந்த கல்வி, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியன அவற்றுட் சில. உலகில் தோன்றும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தை இவற்றைச் சீர்செய்வதால் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று அது மதிப்பிட்டது.

இப்பட்டியலில் பெரும்பாலானவை சுகாதாரம், கல்வி, நகர நிர்வாகம் ஆகிய துறைகளின் அன்றாடப் பணிகளே. கண் புரை அறுவையும், காது கேட்கும் கருவியும், இரத்த அழுத்தச் சோதனையும் நினைவைக் காக்கும் நடவடிக்கைகளாகவும் அமைகின்றன. நடைப்பயிற்சியின் பயனும் நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 120 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில், வாரம் மூன்று நாள் ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது; நடக்காதவர்களிடம் சுருங்கிற்று. தேய்வைத் தாமதப்படுத்துவதே உடற்பயிற்சியின் முதன்மையான பலன் என்று பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் கருதுகின்றன. தாராவியின் நெருக்கமான சந்துகளில் வாழும் முதியவருக்கு நடக்க இடம் ஏது என்ற கேள்வி இங்கே எழுகிறது. குடியிருப்புகளைத் திருத்தியமைக்கும் திட்டங்களில் நடைபாதையும் திறந்தவெளியும் இதனால் சுகாதாரச் செலவாகவும் கருதத்தக்கன.

அரசின் ஏற்பாடுகள் பலவும் இதற்கு உதவும். முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் 2010–11இல் தொடங்கப்பட்டது. 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைப் பாதுகாப்பு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. 14567 என்ற எண்ணில் முதியோர் உதவித் தொலைபேசி இயங்குகிறது. ஆனால் மறதி நோயின் பெருஞ்சுமை மருத்துவமனைக்கு வெளியே, வீட்டில் பல ஆண்டுகள் நீடிக்கும் பராமரிப்பில் உள்ளது. அச்சுமையை மனைவி, மகள், மருமகள் ஆகியோரே பெரும்பாலும் தாங்குகின்றனர். அதற்காக வேலையை விடும் பெண்ணின் வருமான இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. முதிய பெண்களுள் கைம்பெண்கள் மிகுதி என்பதால், நோயுறும்போது தமக்குத் துணையின்றி நிற்பவர்களும் அவர்களே. பகல் நேரப் பராமரிப்பு மையங்களும், பயிற்சி பெற்ற உதவியாளர்களும், அடித்தள சுகாதாரப் பணியாளர் மூலம் எளிய நினைவுச் சோதனையும் இவ்விடத்தில் முன்னுரிமை பெற வேண்டும்.

முடிவாக, மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஹிப்போகாம்பஸ் வயதால் தேய்கிறது. இது இரு பாலாருக்கும் பொது. தலையளவைத் திருத்திய பின், பால் வேற்றுமையால் அதன் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் நாட்டு முதிய பெண்களின் பின்னடைவுக்குப் பெருங்காரணம் அவர்கள் சிறுமியராக இருந்தபோது பெறாத கல்வியும் பின்னர் பெறாத மருத்துவக் கவனிப்புமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு சுமார் 65 சதவீதத்தை எட்டியிருந்தது. இன்று பள்ளியில் அமர்ந்திருக்கும் சிறுமி 2080ஆம் ஆண்டை ஒட்டி முதியவளாவாள். அவளுடைய நினைவாற்றலுக்கான முதலீட்டில் ஒரு பகுதி இவ்வாண்டின் கல்வி ஒதுக்கீட்டிலேயே அடங்கியுள்ளது. ஏற்கனவே முதியவராகிவிட்ட தலைமுறைக்கோ காதும் கண்ணும் இரத்த அழுத்தமும் கவனிக்கப்பட வேண்டும். அதற்கான வசதிகள் பெரும்பாலும் நம் கையில் உள்ளன. அவை தாராவியின் கடைசிச் சந்து வரை சென்று சேர்கின்றனவா என்பதைப் பார்ப்பது திட்டங்களை நிறைவேற்றும் அலுவலர்களின் பொறுப்பாகும்.